பாலர் பள்ளிக்குக் குழந்தை தயாரா? குடும்பம் தயாரா?

மைசூரில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இல்லத்திற்கு ஒரு கோடையில் சென்றிருந்தோம். கூடத்து மேசைமீது பாலர் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பம் ஒன்று நிரப்பப்படாமல் கிடந்தது. பாட்டி அதைச் சுட்டிக்காட்டி, "பேரனுக்கு இரண்டரை வயதுதான் ஆகிறது. அதற்குள் பள்ளிக்கூடமா? நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்றார். மருமகள் தயங்கியபடி, "இந்த ஆண்டு விட்டால் இடம் கிடைக்காது என்கிறார்கள், அத்தை. மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்களே" என்றார். இருவர் சொல்லிலும் இருந்தது அன்பே. ஆயினும் ஒரு முடிவுக்கு வர அன்பு மட்டும் போதாது. விவேகமும் துணைநிற்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நிரப்புமுன் சிந்திக்க வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

வயது கூறுவது

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்தாண்டுகளை அடித்தளப் பருவமாகக் கொள்கிறது. முதல் மூன்றாண்டுகள் பள்ளிக்கு முந்தைய கல்வி. ஆறு வயதில் முதல் வகுப்பு. கர்நாடக அரசு, முதல் வகுப்பிற்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியை 2025-26ஆம் கல்வியாண்டில் நடைமுறைப்படுத்த முனைந்தது. அப்போது, மழலையர் வகுப்புகளை முடித்தும் வயது நிறையாத குழந்தைகளின் பெற்றோர் கலங்கினர். அவ்வோராண்டிற்கு மட்டும், அத்தகைய குழந்தைகளுக்கு வரம்பு ஐந்து வயது ஐந்து மாதமாகத் தளர்த்தப்பட்டது.

இதிலுள்ள கணக்கு எளியது. இரண்டரை வயதில் சேர்ந்து மூன்றாண்டுகளை முடிக்கும் குழந்தைக்கு அப்போது ஐந்தரை வயதே ஆகியிருக்கும். விரைந்து ஏறிய படியில் நின்று காத்திருப்பதே அவசரத்தின் பயனாக முடியலாம்.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கும் மேல் ஆறு வயதிற்குள் நிகழ்ந்துவிடுவதாக அதே கொள்கை கூறுகிறது. இதைக் கேட்டுப் பதறும் பெற்றோர் ஒன்றை மறக்கலாகாது. அவ்வளர்ச்சி பள்ளிக் கட்டடத்திற்குள் மட்டும் நிகழ்வதன்று. பாட்டியோடு அமர்ந்து அவரைக்காய் உரிப்பதும், சாமுண்டி மலையின் பெரிய நந்தியைக் கண்டு அடுக்கடுக்காய்க் கேள்வி கேட்பதும் கல்வியே.

குழந்தையின் ஆயத்தம்

எழுத்தும் எண்ணும் தெரிந்திருப்பது ஆயத்தத்தின் அடையாளம் அன்று. பெற்றோர் அல்லாத ஒருவரின் அரவணைப்பில் சில மணி நேரம் இருக்கிறதா? பசி, தாகம், கழிப்பறைத் தேவை ஆகியவற்றைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கிறதா? பிற குழந்தைகள் விளையாடுவதை ஆவலுடன் பார்க்கிறதா? அழுதாலும், தேற்றினால் தேறுகிறதா? இவற்றையே கவனிக்க வேண்டும். முதல் சில நாள் அழுகை இயல்பானது. ஆனால் வாரங்கள் கடந்தும் உணவும் உறக்கமும் கெடுமாயின், குழந்தை தன் மொழியில் விடை கூறிவிட்டது என்று கொள்ளலாம்.

எனினும், காத்திருப்பது எப்போதும் நன்மையாகாது. இரண்டு வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைப் 'பிடிவாதக்காரன், இன்னும் ஓராண்டு போகட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. முதலில் செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். மைசூர் மானசகங்கோத்ரியில் 1965ஆம் ஆண்டு தோன்றிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இப்பணிக்கென்றே அமைந்தது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான அதன் முன்பள்ளிப் பயிற்சியில் பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. வகுப்பில் தொடங்குவது வீட்டில் தொடர்ந்தால்தான் பயன் தரும் என்பதே காரணம். இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் பாடம்.

மொழியும் கருதத்தக்கது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்றிருக்கும்போது குழந்தை சில காலம் மௌனமாக இருக்கலாம். அது மந்தம் அன்று. உற்றுக் கேட்கும் காலம். தாகத்திற்கு 'நீரு பேக்கு' என்று கேட்கக் கற்றுக்கொடுத்து அனுப்புவது, பத்து ஆங்கிலப் பாடல்களைவிட முதல் நாளில் அதிகம் உதவும். வீட்டுமொழியைக் கைவிட வேண்டியதில்லை. இயன்றவரை அதன்வழியே கற்பிக்க வேண்டும் என்பதே கல்விக் கொள்கையும் கூறுவது.

குடும்பத்தின் ஆயத்தம்

மைசூர் மாவட்டத்தில், காவிரியும் கபினியும் கூடும் தி. நரசீபுரத்தில், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கர்நாடகத்தின் முதல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நூறு அங்கன்வாடி மையங்களுடன் தொடங்கியது. சத்துணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, தாய்மாருக்கான நலக்கல்வி ஆகியவற்றோடு சேர்த்தே முன்பள்ளிக் கல்வியையும் அத்திட்டம் வைத்தது. குழந்தையின் படிப்பை அதன் வயிற்றிலிருந்தும் தாயிடமிருந்தும் பிரித்துப் பார்க்க இயலாது என்ற உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

ஆகவே குடும்பம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, 'எதற்காக அனுப்புகிறோம்?' என்பது. அன்று அவ்வீட்டில் இக்கேள்வி எழுந்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மருமகள், தமது விடுப்பு முடிவதைக் கூறிக் கண் கலங்கினார். பாட்டி மெல்ல, "என் முழங்கால் வலியால் அவன் பின்னால் ஓட முடியவில்லை. சொன்னால் உனக்குக் கவலையாகுமே என்று மறைத்தேன், அம்மா" என்றார். உண்மையான காரணம் அப்போதுதான் வெளிவந்தது. அது குழந்தையின் ஆயத்தம் பற்றியதே அன்று. வீட்டின் பாரத்தைப் பகிர்வது பற்றியது. பணிக்குச் செல்லும் தாய் துணை நாடுவது குற்றமன்று. ஆனால் தேவை பெரியவர்களுடையது என்பதை ஒப்புக்கொண்டால், தேர்வு தெளிவாகும். அப்போது எழுத்துப்பயிற்சியைப் பெருமையாகப் பேசும் இடத்தைத் தேடமாட்டோம். விளையாட்டும், உறக்கமும், பொறுமையுள்ள ஆயாவும் உள்ள இடத்தையே தேடுவோம்.

அவர்கள் அடுத்த ஜூன் வரை காத்திருப்பதென முடிவு செய்தனர். தந்தை தம் பணிநேரத்தை மாற்றிக்கொண்டு காலைப் பொழுதை ஏற்றார். பகலில் பாட்டிக்கு உதவ அறிந்த பெண்மணி ஒருவர் அமர்த்தப்பட்டார். எல்லாக் குடும்பங்களுக்கும் இது இயலாது. முடிவு எதுவாயினும், அது கூடி அமர்ந்து உண்மை பேசி எடுத்ததாக இருக்கட்டும்.

விஜயதசமியன்று குழந்தை பெரியவர் மடியில் அமர்ந்து, அவர் கைபிடிக்க, அரிசியில் முதல் எழுத்தை எழுதுகிறது. எழுதுவது சின்ன விரல். நடுங்காமல் தாங்குவது மடி. விரலைச் சோதிக்குமுன் மடி உறுதியாக உள்ளதா என்று பார்ப்பது பெற்றோர் கடமை.

சிந்தனைக்கு

1. குழந்தையை அனுப்ப விரும்புவதன் உண்மையான காரணம் என்ன? அதை வீட்டிலுள்ள அனைவரிடமும் கூறிவிட்டோமா?

2. குழந்தை நோயுற்ற நாளில் வீட்டில் இருப்பவர் யார்?

3. குழந்தையின் செவித்திறனையும் பேச்சையும் கவனித்தோமா?

4. காலையில் சொல்லாமல் நழுவாமல், விடைபெற்றுப் பிரியும் மன உறுதி நமக்கு உண்டா?

5. மாலையில் குழந்தை கூறுவதைக் கேட்கக் கால்மணி நேரமேனும் ஒதுக்குவோமா?