சரக்கைப் பார்ப்போம், சமயத்தைப் பார்க்க வேண்டாம்



"அவர் கடையில் வாங்காதீர்கள்" என்ற பேச்சு கோவைக்குப் புதிதல்ல. 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்துக் கலவரம் மூண்டது. முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அந்நாட்களில் மதம் பார்த்துக் கடையை ஒதுக்கும் பேச்சும் பரவியது.

புறக்கணிப்பே தவறா? இல்லை. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தில் அந்நியச் சரக்கு புறக்கணிக்கப்பட்டது. அது ஆட்சியின் செயலுக்கு எதிர்ப்பு. எவருடைய வழிபாட்டுக்கும் அல்ல. எடைக் குறைவும் கலப்படமும் கடைக்காரர் செய்யும் குற்றம்; அவற்றைக் கண்டிக்கலாம். அவர் கும்பிடும் தெய்வம் நம் கணக்கில் வராது.

ஐந்தொகையையும் பாருங்கள். சில்லறைக் கடை படுத்தால் கடனுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியின் பாக்கி நிற்கும். வேலையாள் கூலியும் கட்டட வாடகையும் நிற்கும். இவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

எங்கே வாங்குவது என்பது வாடிக்கையாளர் விருப்பம். ஆனால் மிரட்டித் தடுப்பது குற்றம். மதம், சாதி காரணமாக எவரையும் கடைக்குள் விடாமல் தடுப்பதை அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு அனுமதிப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. புறக்கணிப்புத் துண்டறிக்கைகளைக் கடையில் வைக்காதீர்கள்.
2. தரம், விலை, தவணை பார்த்தே கொள்முதல் செய்யுங்கள்.
3. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

போட்டிக் கடை மூடினால் நமக்கு லாபம் என்று தோன்றலாம். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் வீதிக்கு வாடிக்கையாளர் வருவதில்லை.