வெல்டிங் பயில்வோர்க்கு முதற் பாடம்

கலப்பைச் சட்டம் முறிந்தால் உழவு நாள் பட்டறையில் கழிகிறது. ஆதலின், வெல்டிங் பயில விழையும் அங்கத்தினர் முதற்கண் அறிய வேண்டியவற்றை ஈண்டுக் கூறுகிறோம்.

கண்ணே முதன்மையானது. 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடியின்றி ஒளியை நோக்கலாகாது. ஊறு உடனே தோன்றாது. சில மணி நேரம் கழித்தே, மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். அருகில் நிற்கும் சிறுவரை அகற்றுக. பருத்தியாடையே அணிக, நைலான் உருகி உடலில் ஒட்டும்.

துருவும் எண்ணெயும் நீக்கிய இரும்புத் துண்டில் பழகுவோம். 3.15 மி.மீ. ராடுக்கு 100 ஆம்பியர் அளவில் தொடங்கலாம். ராடு முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் பருமனளவே இருத்தல் வேண்டும். மிகுந்தால் பொறி சிதறும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். படிந்த கசடைத் தட்டி நீக்கிய பின்னரே அடுத்த வரி இடுக. இணைத்த துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியால் வளைத்துப் பார்ப்போம். இணைப்புப் பிளந்தால் மேலும் பயிற்சி தேவை.

நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். எண்ணெய் இருந்த பீப்பாயைக் காலியென நம்பிப் பற்றவைக்கலாகாது. எஞ்சிய ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும். இவ்விரண்டையும் அனுபவமுள்ளோரிடமே விடுவோமாக.