சபராளியின் இல்லறமும் நான்கு மாதக் கணக்கும்



மார்க்கப் பற்று கணவன் மனைவியரை நெருக்கமாக்குமா என்று கேட்டால், "ஆக்கும்" என்று நாம் எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். எவ்விதம் ஆக்கும் என்று கேட்டால்தான் தயங்குவோம். ஐவேளை தொழுகிறவர், ஜக்காத்தைக் காசு பிசகாமல் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர், ஆனால் மனைவியோடு நாலு வார்த்தை பேசப் பொழுதில்லாதவர் நம் வியாபாரிகளிடையே உண்டு. அவரிடம் தீனும் இருக்கிறது, நேசமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை, அவ்வளவுதான். அவை எங்கே சந்திக்கின்றன என்பதே இம்மாதப் பாடம்.

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் ஸல்மான் பார்ஸீ (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரையும் சகோதரர்களாக்கி வைத்தார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் முன்னாளில் நம்மைப் போல வியாபாரி. பிறகு வணக்கத்திலேயே முழுகிவிட்டவர்கள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்கு வந்த ஸல்மான் (ரலி), வீட்டுக்கார அம்மையார் அலங்காரமின்றி அழுக்கு உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உம் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவைப்படவில்லை என்ற கருத்தில் அந்த அம்மையார் பதில் சொன்னார்கள். ஒரு மனைவி தன் குறையை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியுமா? ஸல்மான் (ரலி) புரிந்துகொண்டார்கள். நோன்பிருந்த நண்பரை வற்புறுத்தி உண்ண வைத்தார்கள். இரவில் தொழ எழுந்தவரை இருமுறை உறங்க வைத்து, கடைசிச் சாமத்தில் இருவருமாக எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உம் உடலுக்கும், உம் வீட்டாருக்கும் தனித்தனியே உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று புத்தி சொன்னார்கள். விஷயம் நாயகத்தின் செவிக்கு எட்டியதும், ஸல்மான் சொன்னது உண்மை என்று தீர்ப்பாயிற்று. புகாரீயில் உள்ள செய்தி இது.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் மனைவியைக் கவனியாதது சூதாட்டத்துக்காகவோ வீண் வம்புக்காகவோ அல்ல, தொழுகைக்காக, நோன்புக்காக. அந்தக் காரணமே செல்லவில்லையென்றால், கல்லாப்பெட்டியைக் காரணம் சொல்லும் நமக்கு எந்தச் சலுகை கிடைக்கும்?

நம் முன்னோரின் சபர் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, அங்கிருந்து ஜொகூருக்கு வந்தவர்கள் அவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் நம்மில் குறைவு. பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டுத் தனியே வந்தனர். கடையநல்லூரார் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறியது தனிச்சிறப்பு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண் தாய் வீட்டிலேயே இருக்கும் வழக்கம் உண்டு. கணவன் கடல் கடந்து போனாலும் அவள் தனித்துப் போகாதிருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலே கணவன் விருந்தாளியாகிப் போகும் ஆபத்தும் இருந்தது. விருந்தாளிக்குப் பிரியாணி கிடைக்கும். மனக்குறையை யாரும் சொல்லமாட்டார்கள். கடிதப் போக்குவரத்தும் அப்படியே. எழுத்தறியாத பெண்ணுக்கு வந்த கடிதத்தை வேறொருவர் வீடு முழுக்கக் கேட்க வாசித்தால், அதில் நலமும் பணமும் தவிர வேறென்ன எழுத முடியும்?

பிரிவுக்கு எல்லை உண்டா என்ற கேள்வி கலீபா உமர் (ரலி) காலத்திலேயே எழுந்தது. இரவில் மதீனாவில் உலவியபோது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் ஏங்கிப் பாடுவது அவர்கள் காதில் விழுந்தது. மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதையொட்டியே படைவீரர்களின் தவணையை வகுத்தார்கள். மனைவியை நெருங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கு அல்பகறா சூராவின் 226ஆம் ஆயத்து வைத்த கெடுவும் நான்கு மாதமே. நம் நாட்டில் நிக்காஹ் முடிந்தவுடன் மாப்பிள்ளை வாசிக்கும் தஃலீக்கிலும் பல மாநிலங்களில் இதே நான்கு மாதக் கணக்கைக் காணலாம். அவ்வளவு காலம் மனைவியை விட்டுப் பிரிந்து செலவுக்கும் கொடாதிருந்தால் அவள் ஷரீஅத் கோர்ட்டில் முறையிடலாம். மாப்பிள்ளை படபடப்பில் வாசிப்பதால் பொருள் மனதில் ஏறுவதில்லை!

மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் கோர்ட்டுக் கணக்குத் தீர்ந்துவிடலாம். ஆனால் உமர் (ரலி) மகளிடம் கேட்டது பணத்தைப் பற்றியே அல்ல. இன்று ஊரிலிருந்து பெர்மிட்டில் ஆள் வரவழைத்துக் கடை நடத்துகிற முதலாளிமார் இதை யோசிக்கவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்பது ஒப்பந்தத்தில் சரியாக இருக்கலாம். தவணை வகுத்தது படைவீரர் அல்லர், அவர்களை அனுப்பிய கலீபா என்பதை நினைவில் வைக்கவேண்டும். டிக்கெட் செலவு பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் அனுப்பிவைக்கிற முதலாளி ஒரு குடும்பத்தையே காப்பாற்றுகிறார் என்பது நம் அபிப்பிராயம்.

பிரிந்திருப்பவர்களுக்கு இபாதத்தே ஒரு பாலமாகும். 1982 ஜனவரி முதல் நம் கடிகாரம் தமிழ்நாட்டுக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. இங்கே நாம் ஸுப்ஹு தொழுது முடிக்கும் ஆறரை மணிக்கு ஊரில் நான்கு மணி, தஹஜ்ஜுத் வேளை. கணவன் மனைவியரில் முதலில் எழுந்தவர் மற்றவரைத் தொழுகைக்கு எழுப்புவதும், எழாவிட்டால் முகத்தில் நீர் தெளிப்பதும் அல்லாஹ்வின் அருளுக்குரிய செயல் என்று அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. டெலிபோனில் நீர் தெளிக்க முடியாது. குரல் கொடுக்க முடியும். ரமலானிலோ, இங்கே தராவீஹ் முடிந்து வெளிவரும் வேளை ஏறக்குறைய ஊரில் நோன்பு திறக்கும் வேளை. அந்தச் சமயத்தில் பணம் வந்ததா, மாமன் வீட்டு வழக்கு என்னாயிற்று என்று ஆரம்பிக்காமல், பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும் மனைவியோடு சேர்ந்து துஆ ஓதினால் அவளுக்கு எப்படியிருக்கும்!

நஷ்டம் வந்தால் அதையும் அவளிடம் சொல்லவேண்டும். பங்காளிக்குத் தெரியும், பேங்குக்குத் தெரியும், மனைவிக்கு மட்டும் தெரியாது என்பதே நம் கடைகளின் வழக்கம். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தாமே பெரும் வர்த்தகர். அவர்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு நாயகம் (ஸல்) ஷாம் தேசம் சென்றதை யாவரும் அறிவர். ஹிரா குகையில் வஹீ இறங்கி, உடல் நடுங்க வந்தபோது அவர்கள் நேரே சென்றது அந்த மனைவியிடம்தான். அந்த அம்மையார் போர்த்தினார்கள். உறவினரை ஆதரிப்பவர், எளியோரின் சுமையைத் தாங்குபவர் என்று கணவரின் நற்செயல்களை எடுத்துச் சொல்லித் தைரியமூட்டினார்கள். பிறகு வரக்கா என்னும் பெரியவரிடம் அழைத்துச் சென்றார்கள். அச்சத்தை மறைக்காத கணவர், அதைக் கேட்டு அஞ்சாத மனைவி.

மனைவி மக்களோடு ஜொகூரிலேயே இருக்கிறவர்களுக்கு டெலிபோன் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். கடையடைத்து வீடு திரும்பும்போது இரவு பத்தாகிவிடுகிறது. பலருக்கு இஷா பாக்கியிருக்கும். மனைவி பின்னால் நிற்க, இருவருமாக ஜமாஅத் வைத்துத் தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்த கையோடு எழுந்து போகாமல் அந்தப் பாயிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்து, அன்றைய பொழுது அவளுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கலாம். கைப்பேசியைக் கல்லாப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.