மரத்தில் ஏறுபவரும் கீழே நிற்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கம் சிலருடைய கைப்பேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணே, மழைக்கு முன்னாடி வந்து கிளையைக் கழிச்சு விட்டுட்டுப் போங்க." "தென்னை பக்கத்து வீட்டு ஷீட் மேல சாஞ்சிருக்கு, என்னன்னு பாருங்க." அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இந்த வேலைகளை முடிக்க வேண்டும். அதன் பிறகு வரும் அழைப்புகள் எல்லாம் விழுந்த மரத்துக்கான அழைப்புகள்.

மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. காம்பவுண்டுச் சுவரில் எழுதிய ஒரு எண்ணும், தெருமுனை மளிகைக்கடைக்காரரின் சிபாரிசும்தான் விளம்பரம். ஒரு கொடுவாள், கை ரம்பம், இரண்டு மூன்று கயிறு, வசதிப்பட்டால் ஒரு பவர் சா, கூட இரண்டு ஆள். மாதச் சம்பளம் இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. தவறி விழுந்தால் அன்றைக்கே வருமானம் நின்றுவிடும். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்குக் கூப்பிடும் வீட்டுக்காரர்களுக்காகவும்.

முதல் கேள்வி: இது யாருடைய மரம்?

கூலி பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் நிற்கிற மரம் வீட்டுக்காரருடையது என்றே இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்றால் அது அவருடையது அல்ல.

தாம்பரம் மாநகராட்சி 2021 ஆம் ஆண்டு உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். இந்த எல்லைக்குள் தெருவோரம் நிற்கும் மரம் என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில்தான் தொடங்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து மரம் தேசிய நெடுஞ்சாலையைச் சேர்ந்தது. ரயில்வே நிலம், விமானப்படைத் தள வளாகம், அரசு மருத்துவமனை வளாகம் ஒவ்வொன்றும் தனித்தனி. மேடவாக்கம், வண்டலூர் பக்கம் போனால் ஊராட்சி. ஒரே நாளில் ஒருவர் மூன்று விதமான நிர்வாக எல்லைக்குள் வேலை செய்துவிட்டு வருவார்!

அரசு நிலத்தில் உள்ள மரத்தை அடியோடு வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருவதால் செங்கல்பட்டு ஆட்சியர்தான் இங்கே குழுத் தலைவர். சொந்த நிலத்தில் நின்றாலும் பனை மரம் தனி. 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. சந்தன மரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கிட்டவே போகக் கூடாது.

"நாங்க பாத்துக்கறோம், நீங்க ராத்திரியோட ராத்திரியா வெட்டிடுங்க" என்று சொல்பவர் பிரச்சினை என்றதும் உள்ளே போய்விடுவார். ரம்பத்தோடு தெருவில் நிற்பது நீங்கள்தான். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு ஏறுங்கள். மரத்தில் பறவைக் கூடு இருந்தால் அதையும் பாருங்கள். காட்டுப் பறவைகளின் முட்டை, கூடு ஆகியவற்றைச் சேதப்படுத்துவதும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில் வேட்டைதான்.

பக்கத்து வீட்டு மரம் சாய்ந்து நிற்கிறது, உரிமையாளர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் வீட்டுக்காரருக்கு ஒரு வழி உண்டு. விழுந்து ஆபத்து உண்டாக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆவது பிரிவு. தாம்பரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் புகைப்படத்தோடு மனு கொடுக்கலாம். சுவர் ஏறிக் குதித்து வெட்டச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கம்பி

வர்தா புயல் கரையைக் கடந்த 2016 டிசம்பர் 12 அன்று தென்சென்னைப் புறநகரில் இருந்தவர்களுக்கு மரம் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த மாதிரி நாட்களில் விழுந்த மரத்தோடு மின்கம்பியும் பின்னிக் கிடக்கும். சாதாரண நாளில்கூட கிளை கழிக்கச் சொல்லி வரும் அழைப்புகளில் பல, கம்பியில் உரசும் கிளைக்காகத்தான்.

பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மழையில் நனைந்த கிளை இன்னும் நன்றாகக் கடத்தும். கம்பியை நீங்கள் தொட வேண்டியதில்லை, வெட்டிய கிளை தொட்டாலே போதும். அதனால் கம்பி அருகே வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஊழியர் வந்து மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏற வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் மின்னகம் எண் 94987 94987. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் வேலையை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'இன்னிக்கு கரண்ட் இல்ல' என்பது மட்டும் போதாது. வேலை சீக்கிரம் முடிந்தால் மின்சாரம் முன்கூட்டியே வரும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறான இணைப்பால் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். லைன்மேன் நேரில் சொல்ல வேண்டும். தெருவில் யாரோ ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார் என்பதை நம்பி ஏறாதீர்கள்.

வெட்டும் முறை

பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதி வெட்டு ஆகும்போதே கிளை தன் பாரத்தில் கிழிந்து, பட்டையை உரித்துக்கொண்டு கீழே இறங்கும். சில சமயம் ஏறியவர் பக்கமே திரும்பும். மூன்று வெட்டுதான் சரி. முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் குட்டைக் கட்டையைத் தண்டோடு ஒட்டிய வீக்கத்துக்கு வெளியே மூன்றாவதாக வெட்ட வேண்டும். அந்த வீக்கத்தை விட்டுவைத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். தலையை மொட்டையடித்தால் அடுத்த வருஷம் குச்சி குச்சியாகத் துளிர்க்கும். அவை பிடிப்பில்லாமல் காற்றுக்கு எளிதாக ஒடியும்.

குல்மோகர், முருங்கை இரண்டையும் நம்பி ஏறக் கூடாது. பச்சையாக இருக்கும்போதே முறியும். பட்டுப்போன மரம் அதைவிட மோசம்.

பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வதற்கென்று 2005 ஆம் ஆண்டிலிருந்து தனி விதிகள் உள்ளன. அங்கே கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்கு இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கயிறும் வேண்டும். நம்மிடம் இடுப்பில் ஒரு கயிறு கட்டினாலே பெரிய விஷயம் என்ற நிலை. இடுப்புக் கயிறு விழாமல் பிடிக்கும், ஆனால் முதுகெலும்பை ஒடித்துவிடும். தொடையையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட், ஹெல்மெட் இரண்டும் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கின்றன. பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவிட்டு உதவி தேடிப் போகக் கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும். அவரை இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே நிற்க வேண்டும்.

மரத்தில் கடந்தைக் கூடு இருந்தால் புகை போட்டுப் பார்க்காதீர்கள். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையை 101 அல்லது 112 இல் கூப்பிடுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழக்கலாம். அசைக்காமல் படுக்கவைத்து 108 ஐ அழையுங்கள்.

அடுத்தது, மருத்துவமனைச் சீட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லச் சொல்வார்கள். கேட்கும் நேரத்தில் அது சின்ன உதவி மாதிரித்தான் தெரியும். பிறகு காப்பீடு கேட்டுப் போனால் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுவரை யாரும் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். இரு கண் அல்லது இரு கை, கால் முழுமையாகச் செயலிழந்தாலும் 2 லட்சம். ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். இத்திட்டத்தின் விதியிலேயே பாம்புக்கடியோடு சேர்த்து மரத்திலிருந்து விழுவதும் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட விபத்துக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு ஆதாரமாக வேண்டும். ஆகவே "மரத்திலிருந்து விழுந்தார்" என்பது சேர்க்கும்போதே சீட்டில் இருக்க வேண்டும். வங்கிக்கும் தாமதிக்காமல் தகவல் சொல்ல வேண்டும்.

இந்தக் காப்பீட்டின் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். எலும்பு முறிவுச் சிகிச்சைச் செலவையும் இது தராது. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. விவரங்களுக்கு 1800 425 3993. இன்னுயிர் காப்போம் திட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சாலை விபத்துக்கு மட்டும்.

தென்னை ஏறுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டில் பிரீமியத்தின் ஒரு பகுதியை வாரியமே கட்டுகிறது. தேங்காய் பறிப்பதோடு வேம்பும் புங்கையும் வெட்டுபவர் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது, 20 ரூபாய்க் காப்பீடும் வேண்டும்.

பதிவு

மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயதுவரை, ஆதார், வங்கிக் கணக்கு எண் கொண்டு இலவசமாகப் பதியலாம். உதவி எண் 14434. கையில் இ-ஷ்ரம் அட்டை இருந்தாலே காப்பீடு இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. விபத்துக் காப்பீட்டில் வங்கியில் தனியாகச் சேர வேண்டும்.

மாநிலத்தில் 1982 ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இயங்குகின்றன. 18 முதல் 60 வயதுவரை பதியலாம், கட்டணமில்லை, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பனையேறிகளுக்குத் தனி வாரியமே இருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், நீங்கள் செய்யும் எல்லா வேலையையும் சொல்லி, பட்டியலில் எது பொருந்துகிறதோ அதில் பதியுங்கள். 'கூலி வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

கூலியும் கூட்டாளும்

கூலி பேசும்போது நான்கு விஷயங்களை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது: மொத்தத் தொகை, கட்டை யாருக்கு, தழையை யார் அப்புறப்படுத்துவது, அனுமதி யார் வாங்கினார்கள். வேம்பு, மா என்றால் கட்டைக்கு மரவாடியில் விலை உண்டு, அதைக் கழித்துக்கொண்டு கூலி பேசுவது வழக்கம். குல்மோகர் கட்டையை யாரும் கேட்பதில்லை. அதையும் அதே கணக்கில் பேசினால் லாரி வாடகை உங்கள் தலையில் விழும்.

கூட வரும் இரண்டு ஆட்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசி, அவர்களுக்குத் தினக்கூலி கொடுப்பவர் நீங்கள் என்றால், அவர்களில் ஒருவர் மீது கிளை விழும்போது "யாருகிட்ட வேலை செஞ்சாரு?" என்ற கேள்விக்கு உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். மே மாதம் உங்கள் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்க்கும்போது, அவர்கள் இருவர் கணக்கிலும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.