முதியோர் பராமரிப்பு: தாதியும் குடும்பமும் அறிய வேண்டியவை



வயது முதிர்ந்தவரைப் பராமரிக்க நல்ல மனம் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நல்ல மனம் வேண்டும். அது இல்லாத இடத்தில் வேறெதுவும் நிலைக்காது. ஆனால் நல்ல மனம் மட்டும் படுக்கைப் புண்ணைத் தடுப்பதில்லை. படுத்தபடியே இருந்தவருக்கு அன்போடு ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆகவே அன்பானது அறிவையும் தேடிக்கொள்ள வேண்டும். தாதித் தொழில் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

இந்தப் பாடம் மூன்று வகையினருக்கு உரியது: தாதியர் பயிற்சிக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்கு, வீட்டில் மாமியாரையோ தகப்பனாரையோ பார்த்துவரும் தாய்மாருக்கு, வயதானவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வார்ட்டின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு.

மஹய்யாவயை எண்ணிப் பாருங்கள். பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்கத் தலைமுறை தலைமுறையாக உழைத்த மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. ஊரின் குப்பையைச் சுமந்த தோள்கள் இன்று முதுமையால் தளர்ந்திருக்கின்றன. வீடுகள் சிறியவை, படிகள் அதிகம். கண்டி தேசிய வைத்தியசாலை தொலைவில் இல்லை. ஆனால் அங்கே முதியவர் பேசுவது தமிழ், அவருக்குப் பணி செய்யும் மிஸ்ஸி பேசுவது பெரும்பாலும் சிங்களம். பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் வளைகுடா நாட்டில் என்றால், வீட்டில் யார் மிஞ்சுகிறார்? இத்தாலியில் பிறர் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிச் சம்பாதித்து அனுப்பும் நம் நாட்டுப் பெண்கள் பலர். அவர்களுடைய சொந்தத் தாயை இங்கே குளிப்பாட்டுவது யார்?

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் நூற்றுக்கு 12.4 பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதன் பின்னர் இப்பங்கு கூடியே வந்திருக்கிறது. ஆகவே இந்தத் திறமைகள் எல்லா வீட்டுக்கும் தேவைப்படும்.

1. முதுமை நோயல்ல

முதலில் நாம் விட்டொழிக்க வேண்டியது, "வயதாகிவிட்டது, இனி என்ன செய்ய?" என்னும் பேச்சு. 1935இல் இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியர், ஏழைகள் விடுதியோடு இணைந்த பழைய ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்த 714 நோயாளரின் பொறுப்பை ஏற்றார். பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் விடப்பட்ட முதியோர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்து, வகைப்படுத்தி, எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை பிறந்ததற்கு அவருடைய பணி ஒரு முக்கிய காரணம்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முதியவர் தாமாகச் செய்யக்கூடியதை அவரே செய்ய விடுவதும் ஒரு திறமைதான். பத்து நிமிடம் எடுத்துச் சட்டைப் பொத்தானைத் தாமே போடுகிறவரிடமிருந்து அவசரப்பட்டு அந்த வேலையைப் பறிக்காதீர்கள். இன்று நாம் பறிக்கும் வேலையை ஒரு மாதத்தில் அவர் மறந்துவிடுவார்.

2. மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கண்

இளைஞருக்கு நியூமோனியா என்றால் காய்ச்சல் கொதிக்கும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் வரலாம். மாரடைப்பு நெஞ்சு வலியின்றி வெறும் களைப்பாக வரலாம். சிறுநீரில் கிருமி தொற்றினால் உளறலும் தடுமாற்றமும் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இங்கே ஒரு வேற்றுமையை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்வது. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், ஒரு நேரம் தெளிந்து மறுநேரம் குழம்பினால், சொன்னதில் கவனம் நிற்காவிட்டால், அது திடீர்க் குழப்பம். தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிய குளிசை ஆகிய இவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கக்கூடும். காரணத்தைக் கண்டு சிகிச்சை செய்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். "பாட்டிக்கு வயதுக் கோளாறு" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதும், பேய் பிடித்தது என்று அலைவதும் உயிருக்கு ஆபத்து. அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

3. தோலைக் காக்கும் கை

எலும்பு மேட்டின் மேல் உடலின் பாரம் அழுந்தும்போது அவ்விடத்துக்கு இரத்தம் செல்வது தடைப்படுகிறது. சில மணி நேரத்திலேயே சதை அழியத் தொடங்கலாம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், தோள்பட்டை, முழங்கை ஆகியவை அபாயமான இடங்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த டொரீன் நோர்ட்டன் என்ற தாதி, 1962இல் வெளியான தம் ஆய்வில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 20. 14 அல்லது அதற்குக் குறைந்தால் புண் வரும் அபாயம் உண்டு. ஒரு தாதியின் கூர்ந்த பார்வை உலகெங்கும் வார்ட்டுகளுக்குப் பயன்பட்டது. தாதித் தொழில் வெறும் ஏவல் வேலையல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

வீட்டில் செய்ய வேண்டியவை: தாமாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், விரிப்பின் உதவியால் தூக்கி நகர்த்துங்கள். குதிகால் பாயில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வையுங்கள். நாள்தோறும் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருக்குமானால் அதுவே எச்சரிக்கை. கருத்த மேனியில் சிவப்புத் தெரியாது. சூடு, வீக்கம், கெட்டித்தன்மை இவற்றைத் தொட்டு அறிய வேண்டும். அவ்விடத்தைத் தேய்த்து விடக் கூடாது. காற்று நிரப்பிய வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் நல்லதல்ல. ஈரம் பட்டால் உடனே துடைத்து உலர்த்துங்கள்.

4. விழாமல் காத்தல்

படுத்திருந்த முதியவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுத்த நிலையிலும், பின்னர் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அழுத்தத்தை அளந்து பார்ப்பது தாதியின் வேலை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். வீட்டிலே, எழுந்ததும் சிறிது நேரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்துப் பின்னர் நிற்க வையுங்கள். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரவு வெளிச்சம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத செருப்பு ஆகிய இம்மூன்றும் ஒரு இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கலாம்.

5. உணவு, தண்ணீர், குளிசை

மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, படி இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தால் முதியவர் என்ன செய்கிறார்? இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். தண்ணீர் குறைய மலம் கட்டுகிறது. சிறுநீரில் தொற்று உண்டாகிறது. பின்னர் மயக்கமும் குழப்பமும். பிள்ளைகளோ நோயின் பெயரைத் தேடுகிறார்கள்! கட்டிலருகே ஒரு பாத்திரம் வைத்து, "அம்மா, பயப்படாமல் குடியுங்கள், நாங்கள் எடுத்து ஊற்றுகிறோம்" என்று சொல்வதே அந்த வீட்டுக்கு ஏற்ற மருந்து. தண்ணீரை அளவோடு குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கும் இருதய நோயாளருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் அந்த அளவே சட்டம்.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வையுங்கள். சிறு கரண்டியால், விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடாதீர்கள். இருமல், தொண்டையில் ஈரக் குரல் கேட்டால் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஒருபோதும் ஊட்டக் கூடாது.

குளிசைகளைப் பற்றி: கிளினிக்கில் ஐந்து, தனியார் வைத்தியரிடம் மூன்று, கடையில் வாங்கியது இரண்டு, நாட்டுமருந்து ஒன்று. இவையெல்லாம் ஒரே வயிற்றுக்குள் போகின்றன. ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியருக்கும் தாதிக்கும் காட்டுங்கள்.

6. பேச்சும் வலியும்

காது மந்தமானவரிடம் கத்துவதால் பயனில்லை. முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி; பின்னர் பதிலுக்குக் காத்திருத்தல்.

வலியைச் சொல்ல இயலாதவரிடம் உடலே பேசுகிறது. 2003இல் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல் மறதி நோயாளரிடம் ஐந்து அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு, முனகல், முகக்குறி, உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அமைதி அடைகிறாரா என்பது. குளிப்பாட்டும்போது அடிக்க ஓங்குகிற பாட்டி கெட்டவரல்லர். அவருடைய தோள் வலிக்கிறதாயிருக்கலாம்.

மொழியின் குறையை ஓரளவு நாமே தீர்க்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதிக் கொடுங்கள்: அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எந்தக் காது கேட்கும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நேற்று வரை எப்படி நடந்தார், சாப்பிட்டார், பேசினார். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். வார்ட்டில் அவரை முதன்முதலாகக் காணும் தாதிக்கு அவர் எப்போதும் இப்படித்தானா, இன்றுதான் இப்படியா என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டுமே. தண்ணீர், வலி, மலசலம், குளிர் ஆகிய சொற்களைத் தமிழில் கற்றுக்கொள்ளும் சிங்களத் தாதியும், சிங்களம் கற்கும் தமிழ்த் தாதியும் மருந்துக்கு நிகரான பணி செய்கிறார்கள்.

7. மானம் காத்தல்

உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம், முதுமையில் வேறொருவர் அவரைக் கட்டி, அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்றார். பேதுருவின் மரணத்தைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், தன் உடையைத் தானே உடுத்த முடியாமற் போகும் ஒவ்வொரு முதியவரின் துயரமும் அதில் ஒலிக்கிறது. கண் மங்கிய ஈசாக்கு தொட்டும் முகர்ந்துமே ஆளை அறிந்தார். அந்தப் பலவீனத்தையே வீட்டார் ஏமாற்றப் பயன்படுத்தினார்கள். இன்று பென்சன் புத்தகத்திலும் காணி உறுதியிலும் கைரேகை வாங்குகிறவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

குளிப்பாட்டுமுன் திரை இழுப்பதும், செய்யப்போவதைச் சொல்லிச் செய்வதும், "கிழவி" என்னாமல் "அம்மா", "ஐயா" என்பதும் நல்ல தாதியின் அடையாளங்கள். தாதியரின் பாதுகாவலரான புனித கமில்லஸ் (1550-1614) காலில் ஆறாத புண்ணோடு வாழ்நாள் முழுதும் நோயாளருக்குப் பணி செய்தார். நோயாளியில் கிறிஸ்துவையே கண்டார். புனித ஜான் ஜூகன் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்து தம் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை.

சட்டமும் திருவருட்சாதனமும்

பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டளை. தம்மைத் தாமே தாங்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிட அச்சட்டம் ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. ஆனால் சீராக் ஆகமத்தின் 3ஆம் அதிகாரம் சட்டத்தைவிட ஆழமாகப் போகிறது: தகப்பனுக்கு அறிவு தளர்ந்துபோனாலும் பொறுமையாயிரு என்கிறது. மறதி நோயுள்ளவரோடு வாழும் குடும்பம் அந்த அதிகாரத்தை ஒன்றாக வாசிக்கட்டும்.

இன்னொன்று. பழைய அவஸ்தைப்பூசுதல் என்ற பெயரால் பயந்து, மூச்சு நிற்கும் வேளையில் குருவானவரைத் தேடுவது நம்மிடம் இன்னும் இருக்கிறது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதுப்பித்த ஒழுங்கின்படி இது நோயில் பூசுதல். கடும் நோய் இல்லாவிட்டாலும் முதுமையால் மிகவும் தளர்ந்தவர் இதைப் பெறலாம். நினைவு தெளிவாய் இருக்கும்போதே அழையுங்கள். அவரும் சேர்ந்து செபிக்கட்டும்.

பார்க்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரே மருமகள் இரவும் பகலும் விழித்திருக்க, மற்றவர்கள் ஞாயிறன்று வந்து குறை சொல்லிப் போவது பராமரிப்பு அல்ல. முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருப்பவர் பணத்தோடு விடுமுறையில் சில நாட்களையும் கொடுக்கட்டும். அயலவர் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து உட்காரட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டு முதியவர் இரவில் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாரா? ஏன்?

2. அவர் சாப்பிடும் எல்லாக் குளிசைகளின் பெயரும் நம்மிடம் எழுத்தில் உண்டா?

3. அவருடைய குதிகாலையும் முதுகையும் கடைசியாகப் பார்த்தது எப்போது?

4. அவரைப் பார்த்துவருகிறவருக்கு இந்த வாரம் ஓய்வு கொடுப்பது யார்?

இந்த நான்குக்கும் இன்றிரவு செபமாலைக்குப் பின் பதில் தேடுங்கள். பதில் கிடைத்ததை நாளைக் காலையிலேயே செய்யத் தொடங்குங்கள். முதியவர்களுக்கு நாளை மறுநாள் என்பது நீண்ட தூரம்.