பெயரில் வாழும் பசுமை

சென்னை மாநகரின் மேற்கே பூவிருந்தவல்லி, திருவேற்காடு, திருமுல்லைவாயில், ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்கள் உள்ளன. இன்று அவை தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த நகர்ப்பகுதிகள். ஆயினும், அவற்றுள் சிலவற்றின் பெயரை உற்று நோக்கினால் பழைய காடும் சோலையும் நம் கண்முன் தோன்றும். மரஞ்செடிகள் மறைந்த பின்னும் மக்கள் அவற்றை மறந்திலர் என்பதற்கு அப்பெயர்களே சான்றாகும்.

வேல மரங்கள் அடர்ந்த காடு வேற்காடு எனப் பெயர் பெற்றது. அங்குள்ள சிவன் கோயிலின் தலமரம் இன்றும் வெள்வேலமே.

திருமுல்லைவாயில் முல்லையின் பெயரைத் தாங்கிய ஊர். தொண்டைமான் யானைமேல் ஏறி அவ்வழியே சென்றபோது, முல்லைக்கொடிகள் யானையின் கால்களைப் பிணித்தன. மன்னன் வாளால் அவற்றை வெட்டினான். கொடிகளின் கீழிருந்த சிவலிங்கத்தின்மேல் வாள் பட்டது, குருதி பெருகியது. மனம் பதறிய மன்னனுக்கு இறைவன் காட்சி தந்தருளினான். மன்னன் அங்கே கோயில் எழுப்பினான் என்பது தலவரலாறு. யானையையும் தடுத்து நிறுத்தும் அளவுக்கு முல்லை செழித்திருந்த நிலம் அது என்று ஊரார் வழிவழியாக நினைவிற் போற்றி வந்தனர் என்பது இதனால் விளங்கும்.

பூவிருந்தவல்லியின் நினைவோ ஒரு நந்தவனத்தைப் பற்றியது. பதினோராம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். இராமாநுசர் ஆசானாக மதித்த பெருமை உடையவர் அவர். தந்தையார் அளித்த செல்வத்தைக் கொண்டு அவர் பூந்தோட்டம் அமைத்தார். தம் கையாலேயே நீர் வார்த்தார். மலர் கொய்து மாலை தொடுத்தார். அம்மாலைகளைச் சுமந்து காஞ்சி வரதராசப் பெருமாளிடம் சென்றார். முதுமையால் அவர் தளர்ந்தபோது, பெருமாளே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளினார் என்பது மரபு. அவ்வூர் வரதராசர் கோயில் அந்நினைவை இன்றும் காத்து நிற்கின்றது.

காலம் மாறியது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. பல்லாயிரவர் பிழைப்பு நாடி வந்து குடியேறினர், வயல்கள் மனைகளாயின, ஏரிகளிற் கழிவுநீர் புகுந்தது. தொழில் வளர்ந்தது நன்றே; நீர்நிலை நலிந்தது நன்றன்று.

எனினும், மக்கள் வாளா இருந்திலர். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேண்டி, 2016-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பெற்று, 2019-ஆம் ஆண்டில் பசுமைப் பூங்காவுடன் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அதன் கரையில் முதியோர் உலாவுகின்றனர். சிறுவர் பறவைகளைக் கண்டு மகிழ்கின்றனர்.

முன்னோர் முல்லையையும் வேலத்தையும் பெயரில் வைத்துக் காத்தனர். ஆனால் பெயர் நிழல் தருமோ? பூ மணக்குமோ? நம்பிகள் மலரை விரும்பியதோடு அமையவில்லை. நாள்தோறும் நீர் வார்த்தார். நாமும் நம் ஊரின் ஓர் ஏரியையேனும், ஒரு மரத்தையேனும் அவ்வாறு பேணுவோமாயின், நாளைய மக்கள் நினைந்து மகிழப் பெயரும் இருக்கும்; பசுமையும் இருக்கும்.