புகார் கொடுத்தவர் கவனத்துக்கு

வழிப்பறி, வெட்டுக்குத்து, வீடு புகுந்து திருட்டு என எது நடந்தாலும், ஸ்டேஷனில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. புகார் வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டுமே. அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

"இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெறச் சொல்கிறது. மறுத்தால், எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள் (ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்). அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீஸ் 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு என்றால் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். பலருக்கும் தெரியாத விஷயம் இது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். மருத்துவ பில்களைச் சேர்த்து வைத்திருங்கள். சட்ட உதவிக்கு 15100.

வழக்கில் எதிரி விடுதலையானால், அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரே செய்யலாம்.